பாவாடை கட்டிய நாலாவது ஆள்

மார்ச் 4, சனி

இன்றைக்குப் படம் பார்த்த இடத்தில் இருந்தவர்கள்: நான். என் மகள் ஜெயகௌரி. மருமகன் தவராசா. பேத்தி யாதவி. என் மகன் பகீரதன். வேறு தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்வரிசையில் ஆறு வெள்ளைக்காரப் பிள்ளைகள். அதில் சிவப்புத் தொப்பி போட்டது இரண்டு தரம் திரும்பி எங்களைப் பார்த்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

இப்படி ஆட்களைப் பேர் பேராக எழுதச் சொன்னது சட்டத்தரணி மொய்ரா. பகீரதனின் அகதிக் கேஸ் இந்தக் கிளாஸ்கோவில் இரண்டு வருசமாக இழுபடுகிறது. ஊரில் சண்டையில் செத்தவர்களின் நினைவுநாள் ஊர்வலத்தில் நாயனம் வாசித்தான் என்று அவனை இரண்டு தரம் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தரம் திரும்பி வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. மூன்றாம் தரம் போனால் திரும்பமாட்டான் என்று தெரிந்துதான் இங்கே எடுப்பித்தோம். இங்கே முதல் விசாரணையில் தேதிகளைக் குழப்பிச் சொல்லிவிட்டான். மாசியைத் தை என்றான். நான்தான் மொய்ராவிடம் திருத்தினேன். கிழமை, நேரம், அவன் போட்டிருந்த சட்டை, வாசலில் நின்ற நாய் வரைக்கும் சொன்னேன். மொய்ரா பேனையை வைத்துவிட்டு, மொழிபெயர்த்த யாதவியைப் பார்த்து, உன் அம்மம்மா இனிமேல் நடப்பதை எல்லாம் எழுதட்டும் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும். நாள் பிழைக்காது.

படத்தின் பெயர் என் வாயில் வராது. சிவப்புச் சால்வை போர்த்திய ஒருவன் பறக்கிறான். போன கோடையில் எங்கள் நகரத்துத் தெருவை மறித்து, கடைப்பலகைகளை மாற்றி, அமெரிக்கா ஆக்கி எடுத்தார்கள். நடுவில் ஓர் ஊர்வலம் வருகிறது. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் கக்கத்தில் பையை இடுக்கிக் குழல் ஊதிக்கொண்டு நடக்கிறார்கள். அதில் நாலாவது ஆள் என் மகன்.

கென் என்ற தச்சர் ஒருவர் ஒரு மண்டபத்தில் இந்தப் பைக்குழல் சொல்லிக் கொடுக்கிறார். கேஸ் முடியாத ஆட்களையும் சேர்ப்பார். பகீரதன் போன முதல் நாளே ஊதினான். ஊதாமல்? சுருதிக்கு ஊதும் ஒத்தும் நாயனமும் ஒரே பைக்குள் இருக்கிற மாதிரித்தான் அந்தக் கருவி. படக்காரர்கள் வந்து குழுவோடு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார்கள். இவனும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டான். கேஸ் முடியும் வரை எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அவன் சட்டைப்பையில் கிடக்கிற அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பறக்கிறவன் நடுத்தெருவில் வந்து விழுகிறான். கார்கள் கவிழ்கின்றன. எல்லோரும் சிதறி ஓடுகிறார்கள். பாவாடைக்காரரும் ஓடுகிறார்கள். இவன் ஓடவில்லை. கன்னம் இரண்டும் உப்ப நின்று ஊதுகிறான். கமெரா அவனுக்குக் கிட்டே, கிட்டே வருகிறது. பாட்டை முடித்து, வாயை எடுத்துவிட்டுத்தான் ஓடுகிறான். கொட்டகை முழுக்கச் சிரித்துக் கைதட்டியது.

யாதவி "மாமா!" என்று கத்தினாள். மருமகன் ஒரு பிடி சோளப்பொரியை அவள் வாய்க்குள் திணித்தார். அப்போதுதான் சிவப்புத் தொப்பி திரும்பியது.

நான் இருட்டில் மகனின் காதுக்குள் கேட்டேன். "ஏன்ரா ஓடேல்ல?"

"பாதியில விடக்கூடாதெண்டு அப்பா சொல்லுறவரெல்லோ. கை விடேல்லயம்மா. படத்தில அந்த இடத்தை வெட்டி எறிஞ்சிருப்பாங்கள் எண்டு நினைச்சன்."

எங்கள் மேளகார ஆட்களுக்கு அது சட்டம். எடுத்த கீர்த்தனையைப் பாதியில் விட்டால் வாசிக்கிற வீட்டுக்கு ஆகாது. தாலி கட்டும்போது பந்தல் சரிந்தாலும் மேளம் நிற்காது. படத்துக்கு ஓடுவதற்கு அவனை ஒருவரும் பழக்கவில்லை.

வரும்போது பகீரதன் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நடந்தான்.

மார்ச் 5, ஞாயிறு

அவனுடைய பாவாடையைத் தோய்த்துக் காயப்போட்டு மடிப்புப் பிடித்தேன். சேலைக்குக் கொய்யகம் பிடிப்பது போலத்தான், ஆனால் மடிப்பு எல்லாம் பின்பக்கம். யன்னலோரம் காயப்போட்டிருந்தேன். பிறகு யாரும் கண்டால் என்று பயந்து குளியலறைக்குள் மாற்றினேன்.

மார்ச் 8, புதன்

யாதவி கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த ஊர்ப் பெடியன் ஒருவன் வீடியோ போட்டிருக்கிறான். அந்தப் படத்தில் எங்கெங்கே பாவாடை, எங்கெங்கே பைக்குழல் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான். ஒரு கிழவன் பாலத்தடியில் பாவாடையோடு நிற்பதைக்கூடப் பிடித்துவிட்டான். எங்கள் குழு வந்தவுடன் ஒவ்வொரு தலைக்கும் மஞ்சள் வட்டம் போட்டான். நாலாவது தலைக்கு வட்டத்தோடு அம்புக்குறியும்.

"என்ன சொல்லுறான் பிள்ளை?"

"இவர்தான் படத்தின்ர ரியல் ஹீரோவாம் அம்மம்மா. உலகம் அழிஞ்சாலும் வாசிப்பாராம். ஆரெண்டு தெரிஞ்சால் கீழ எழுதச் சொல்லுறான்."

"ஆரும் எழுதினவையோ?"

"நானூறு பேர் எழுதியிருக்கினம். ஒருத்தருக்கும் தெரியேல்ல. ஒருத்தர் இத்தாலிக்காரர் எண்டு எழுதியிருக்கிறார்."

"இத்தாலியெண்டே இருக்கட்டும். நீ ஒண்டும் எழுதிப்போடாதை."

"எனக்கென்ன விசரே?" என்றாள்.

மகனுக்குக் காட்டினோம். பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தடவினான். பைக்குழலுக்குக் கன்னம் உப்பத் தேவையில்லையாம், கென் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாராம். முப்பது வருசம் நாயனம் ஊதிய கன்னம் சொல்லுக் கேட்கவில்லை.

பதினாலாம் தேதி அவன் கையெழுத்து வைக்கப் போகவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய், குடிவரவுக்காரரின் பெரிய கட்டடத்தில் போய்த் தன் முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும். சில பேர் உள்ளே போனால் மற்றக் கதவால் வான் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். தெரிந்த வீட்டில் நடந்திருக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் பழைய பள்ளிக்கூட மண்டபம், மேலே கோபுரம் இல்லை. முருகனுக்கு முன்னால் நின்று வாயைத் திறக்காமல் வேண்டினேன். படத்தில் நிற்பது என் பிள்ளை என்று ஒருவரும் கண்டுபிடிக்கக்கூடாது. செவ்வாய் அவன் போன மாதிரியே திரும்பி வரவேண்டும். வந்தால் உனக்குப் பாலாபிஷேகம்.

மார்ச் 14, செவ்வாய்

வந்துவிட்டான். 10.40க்குப் போனான், 11.25க்கு வீட்டில். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

மார்ச் 15, புதன்

ஊர்ச் சாமான் கடை வைத்திருக்கிற கோயில் செயலாளர் குணநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அபிஷேகம் செய்வதென்றால் அவரிடம்தான் பதிய வேண்டும். அந்த ஆளோடு பேசுவதென்றால் எனக்கு நாக்குக் கசக்கும்.

1979 ஆவணி, அவருடைய கலியாணம். மாப்பிள்ளை அவர். என் கணவர் கந்தப்பு விடிய நாலு மணிக்கு நாயனத்தை எடுத்தவர், பொழுது சாயும் வரை இறக்கவில்லை. வந்த சனம் எல்லாம் மண்டபத்தில் வாழை இலை போட்டுச் சாப்பிட்டு எழும்பின பிறகு, மேளகாரரைப் பின்னால் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டார்கள். நானும் போயிருந்தேன். ஜெயகௌரி வயிற்றில் ஏழு மாதம். பாயசம் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு அந்தப் பக்கமாக வந்து கை கழுவினார், எங்களைப் பார்த்தார், போனார். ஊரில் என்னைத் தெய்வானை என்று கூப்பிட்டவர். இங்கே வந்த பிறகுதான் "அக்கா" என்கிறார்.

இந்தக் கோயிலில் ஒரு வழக்கம். என்ன காரணத்துக்கு உபயம் செய்கிறீர்கள் என்று கேட்டு, அதைக் கிழமை நோட்டீஸில் அச்சடிப்பார்கள். பிறந்தநாள், பரீட்சைப் பாஸ், விசா கிடைத்தது, இடுப்பு ஒப்பரேசன் சுகம் என்று எல்லாம் வரும். எதற்கு என்று என்னிடமும் கேட்டார். சாமி காரியத்தில் பொய் சொல்லக்கூடாது. சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று குறித்துக்கொண்டார்.

பால் பத்துப் போத்தல் வாங்கவேண்டும். யாதவிக்குச் சளி. மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

முதலில் ஆட்களை எழுதுகிறேன்.

இருந்தவர்கள்: ஐயர், குணநாயகம், எங்கள் வீட்டார் ஐந்து பேரும், நூற்றுக்கு மேல் சனம். அபிஷேகம் முடிந்தவுடன் குணநாயகம் மைக்கைப் பிடித்தார். "இன்றைய உபயம், உலகப் புகழ் பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தில் ஸ்கொட்லாந்துக் குழல் வாசித்து எங்கள் இனத்துக்கே பெருமை தேடித்தந்த, கந்தப்புவின் புதல்வன் பகீரதன், பரணி நட்சத்திரம்" என்றார். சனம் கைதட்டியது. நோட்டீஸில் படம். கன்னம் உப்பிய படம். யாரோ பெடியன் கைபேசியில் எடுத்துக் கொடுத்திருக்கிறான். கோயிலின் பேஸ்புக்கிலும் போட்டாகிவிட்டது.

சனம் வந்து பகீரதனின் கையைப் பிடித்துக் குலுக்கியது. அவன் முகம் விபூதி நிறமாகிவிட்டது. ஒரு மனுசி "எவ்வளவு தந்தவங்கள் தம்பி?" என்று சத்தமாகக் கேட்டாள்.

காருக்குள் ஏறியவுடன் அவன் கேட்டான்.

"ஆர் சொன்னது?"

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்களே சொன்னனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? அந்தாள் படத்தைப் பாத்திருப்பார். கண்டு பிடிச்சிருப்பார். ஊரிலயும் எல்லாத்துக்கும் முன்னுக்கு நிண்ட ஆள்தானே."

"என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதே அந்த மனுசன்?" என்றான். ஜெயகௌரி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

மார்ச் 20, திங்கள்

மொய்ரா சொல்லி மருமகன் பேஸ்புக்கிலிருந்து எடுப்பித்தார். அதற்குள் இருநூறு பேர் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்களாம். மஞ்சள் வட்டம் போட்ட பெடியனின் வீடியோவுக்குக் கீழேயும் யாரோ பெயரை எழுதிவிட்டார்கள். இனி அவன் இத்தாலிக்காரன் இல்லை.

மார்ச் 22, புதன்

கதவில் கடிதம் விழுகிற தகரம் அடித்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் எழும்பி நின்றோம். பீட்சாக் கடை விளம்பரம்.

மார்ச் 24, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. தெருமுனையில் வெள்ளை நிற வான் ஒன்று காலை முழுக்க நின்றது. மருமகன் போய்க் கேட்டுவிட்டு வந்தார். குழாய் திருத்துகிறவர்கள்.

மார்ச் 27, திங்கள்

பகீரதன் முடி வெட்டிக்கொண்டு வந்தான். ஒரு பையில் இரண்டு சட்டை, பல்துலக்கி, காது மருந்து வைத்தான். "எதுக்கு உது?" என்று கேட்டேன். "சும்மா" என்றான். பையை வாங்கி உள்ளே ஒரு போத்தல் ஊறுகாய் வைத்தேன். அவன் எடுத்து மேசையில் வைத்தான். நான் திரும்பவும் வைத்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

10.30க்கு உள்ளே போனான். மருமகன் வெளியே நிற்கிறார். நான் வீட்டில் சோறு வடித்தேன். 11.15க்கு அவன் கைபேசி அடங்கிவிட்டது. 12 மணிக்கு மருமகனிடம் கேட்டேன், இன்னும் வரவில்லை என்றார். ஒன்றரைக்குக் குழம்பைச் சூடாக்கினேன். இரண்டே காலுக்கு மறுபடி சூடாக்கினேன். அடிப்பிடித்துவிட்டது. சட்டியை உரஞ்சினேன். கறுப்புப் போகவில்லை, உரஞ்சிக்கொண்டே இருந்தேன்.

3.10க்கு மொய்ராவின் அழைப்பு. யாதவி பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது.

"மாமாவை மறிச்சு வைச்சிருக்கினம் அம்மம்மா. தடுப்பு முகாமுக்குக் கொண்டு போகினமாம். ஊருக்கு அனுப்பேல்ல. இன்னும் அனுப்பேல்ல எண்டு சொல்லுறா."

அந்த "இன்னும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

மார்ச் 29, புதன்

தொலைபேசியில் பேசினான். மேசையில் எங்கள் கோயில் நோட்டீஸ் இருந்ததாம். பக்கத்தில் அதை இங்கிலீஷில் தட்டச்சு அடித்து வைத்திருந்தார்களாம். இது நீயா என்று கேட்டார்கள். ஓம் என்றானாம். கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினாயா என்றதற்கும் ஓம் என்றானாம்.

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே, ராசா."

"ரெண்டாம் தரமும் பொய்க்காரன் எண்டு எழுதுவாங்கள் அம்மா. முதல் தடவை தேதி பிழைச்சதுக்கே என்ன பாடு."

நோட்டீஸை அனுப்பியவன் யார் என்று தெரியாது. முகம் தெரியாதவனை எப்படி வெறுப்பது? முயன்று பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 1, சனி

சாப்பிட முடியவில்லை. அவன் ஊறுகாய்ப் போத்தலை முகாம் வாசலில் வாங்கி வைத்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 3, திங்கள்

முகாமில் பக்கத்து அறையில் இருந்தவனைக் காலையில் விமானத்துக்குக் கொண்டுபோனார்களாம். அவன் தன் செருப்பைப் பகீரதனிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். தொலைபேசியில் மகன் இதைத்தான் சொன்னான். பிறகு இரண்டு பேரும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் மூச்சு எனக்குத் தெரியும். நாயனக்காரன் மூச்சு, நீளமாக வரும். இன்றைக்குக் கட்டையாக வந்தது.

ஏப்ரல் 6, வியாழன்

பிணையில் விட்டார்கள். மொய்ரா பேசி எடுத்தார். கென் வந்து, தன் குழு கூப்பிட்டுத்தான் போனான், இவனாக வேலை தேடிப் போகவில்லை என்று சாட்சி சொன்னார். இனி ஒவ்வொரு செவ்வாயும் கையெழுத்து வைக்கவேண்டும். உறை வாங்கியது கோப்பில் ஏறிவிட்டது. கேஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது என்கிறார் மொய்ரா. மெலிந்து வந்திருக்கிறான். பைக்குழலையும் பாவாடையையும் அன்றைக்கே கொண்டுபோய்க் கென்னிடம் கொடுத்துவிட்டு வந்தான். கென் வாங்கவில்லையாம். வாசலில் வைத்துவிட்டு வந்தானாம்.

"பயமாயிருக்கம்மா. இனி விசிலும் அடிக்கமாட்டன்" என்றான்.

ஏப்ரல் 8, சனி

இன்று காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது அவனாகச் சொன்னான்.

"நேற்று குணநாயகம் ஐயாவின்ர கடைக்குப் போனனான். சனத்துக்கு முன்னால நிண்டு வாயில வந்தபடி பேசிப்போட்டன்."

கோப்பையை மேசையில் வைத்தேன். "அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் எதிர்த்துச் சொல்லேல்ல. 'ஓம் தம்பி, நான் படத்தைப் பாத்துப்போட்டு ஆரையும் கேக்காமல் நோட்டீஸில போட்டிட்டன். என்ர பிழைதான்' எண்டவர். கண்ணீர் விட்டவர். எனக்கே ஒரு மாதிரிப் போச்சுது."

எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். அங்கே நின்றே குணநாயகத்துக்கு எடுத்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நீங்கள் அந்தப் படத்தைக் கண்ணாலயும் காணேல்லயே."

கடையில் யாரோ கருவேப்பிலை கேட்கிற சத்தம் வந்தது.

"அக்கா, பெடியனுக்கு இப்ப தாய் வேணும். நான் ஆர் அவனுக்கு? என்னோட கோவிச்சால் வேற கடையில சாமான் வாங்குவான். உங்களோட கோவிச்சால் எங்க போவான்?"

வைத்துவிட்டேன். நன்றி சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பதினைந்தாம் தேதி தொலைபேசியில் என்ன சொன்னேன் என்று இந்தக் கொப்பியில் நான் முழுதாக எழுதவில்லை. அவர் எதற்கு அபிஷேகம் என்றுதான் கேட்டார். நேர்த்தி, மகன் சுகமாக இருக்க என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். முருகன் கோபிக்கமாட்டார். ஆனால் நான் சொன்னது இது:

"எதுக்கெண்டே கேக்கிறியள்? உங்கட கலியாணத்தில மாட்டுக்கொட்டிலடியில குந்தியிருந்து சாப்பிட்டாரே கந்தப்பு, அவரின்ர மகன் இண்டைக்கு உலகம் முழுக்கப் பாக்கிற படத்தில நிக்கிறான். எல்லாரும் ஓட அவன் ஒருத்தன்தான் நிக்கிறான். நம்பாட்டிப் போய்ப் பாருங்கோ. பெரிசா நோட்டீஸில போடுங்கோ, படத்தோட போடுங்கோ. மைக்கிலயும் சொல்லுங்கோ."

அவர் "இதைப் போடலாமோ அக்கா, தம்பியின்ர கேஸுக்கு ஒண்டும் வராதே?" என்றுகூடக் கேட்டார். "உங்களுக்கு வாயால சொல்லவும் கசக்குதோ?" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நேர்த்திக்கடனுக்காக நான் அதைச் சொல்லவில்லை. அந்த ஆளின் வாயால், அத்தனை சனத்துக்கு முன்னால், கந்தப்பு என்ற பெயரைக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். கேட்டேன். கேட்ட அந்த ஒரு நிமிசம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் வரை இனித்தது.

வரும் திங்கட்கிழமைக்கு மொய்ரா இந்தக் கொப்பியைக் கேட்டிருக்கிறார். யாதவி வாசித்து வாசித்து இங்கிலீஷில் சொல்லுவாள். பகீரதனும் பக்கத்தில் இருப்பான். இரண்டு நாளாகப் பதினைந்தாம், பத்தொன்பதாம் தேதிப் பக்கங்களைக் கிழிக்கலாமா என்று கையால் தடவிக்கொண்டிருந்தேன். கிழித்தால் தேதி இடறும். தேதி இடறினால் அவனைத் திரும்பவும் பொய்க்காரன் என்பார்கள். கிழிக்கவில்லை.

குணநாயகத்தின் கலியாணப் பந்தியை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். ஆனால் பிழைகாரர் என்று அவர் பெயரை இங்கே எழுதி வைக்க இனி எனக்கு உரிமை இல்லை. நான் மன்னிக்காத ஆள் ஒன்றே ஒன்றுதான். மொய்ரா சொன்ன மாதிரி முழுப் பெயராக எழுதுகிறேன்.

கந்தப்பு தெய்வானைப்பிள்ளை.